சீனச் சந்தை: உரிமையா, அனுமதியா?

"சீனாவைப் பாருங்க சார்... ஒரே கட்சி. எதிர்க்கட்சி கிடையாது, பந்த் கிடையாது, கோர்ட் ஸ்டே கிடையாது. நினைச்சாங்க, முடிச்சாங்க!"

இந்த வசனத்தைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் பி.காம். முடித்துவிட முடியாது. டீக்கடை பெஞ்சில் ஒரு முறை, ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் ஒரு முறை, பொருளாதார வகுப்பில் மூன்று முறை. இதில் வேடிக்கை என்னவென்றால், இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் கம்யூனிசத்தின் மீது காதல் கொண்டவர்கள், மீதிப் பாதி தனியார்மயத்தின் மீது காதல் கொண்டவர்கள். முதல் கோஷ்டி கட்சியைப் பாராட்டும், இரண்டாவது கோஷ்டி சந்தையைப் பாராட்டும். "ஒரே கட்சி இருந்ததால்தான் சந்தை வந்தது" என்ற இடத்தில் இருவரும் கை குலுக்கிக்கொள்வார்கள்.

இருவருமே தப்பு.

முதலில் மறுக்க முடியாததை ஒப்புக்கொண்டுவிடலாம். உலக வங்கியின் பழைய அளவுகோலின்படி (ஒரு நாளைக்கு 1.90 டாலர்) நாற்பது வருடங்களில் கிட்டத்தட்ட 80 கோடிச் சீனர்கள் கொடிய வறுமையைத் தாண்டி வந்திருக்கிறார்கள். மனித வரலாற்றில் இதற்கு இணை கிடையாது. இதைக் குறைத்துப் பேசுபவன் பொருளாதாரம் படிக்க வேண்டாம், வேறு ஏதாவது படிக்கலாம். சண்டை அதில் இல்லை. இதைச் செய்தது யார், எங்கே வந்து அது முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதில்தான் சண்டை.

1978ஆம் வருடக் கடைசி. அன்ஹுய் மாகாணத்தில் சியாவோகாங் என்ற கிராமம். 1959 முதல் 1961 வரை நீடித்த பஞ்சத்தில் பிணங்களை எண்ணிப் பார்த்த வட்டாரம் அது. 18 விவசாயிகள் இரவில் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். கம்யூன் நிலத்தைத் தங்களுக்குள் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மீதியைத் தாங்களே வைத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதிக் கைநாட்டு வைக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு. விஷயம் வெளியே தெரிந்து தலைவர்கள் ஜெயிலுக்குப் போனால், அவர்களின் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும்!

சீர்திருத்தத்தின் முதல் ஆவணத்தில் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று எழுத வேண்டியிருந்தது. யாருக்குப் பயந்து எழுதினார்கள்? அமெரிக்காவுக்கா? அதே 1978 டிசம்பரில்தான் பெய்ஜிங்கில் கட்சியின் மத்தியக் குழு கூடியது. இன்றைக்கு எல்லாப் பாடப் புத்தகத்திலும் "சீர்திருத்தம் தொடங்கிய கூட்டம்" என்று வருவது அதுதான். அந்தக் கூட்டம் ஏற்றுக்கொண்ட விவசாய வரைவுத் தீர்மானத்தில், நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. அதாவது சீர்திருத்தத்தைத் தொடங்கியதாகச் சொல்லப்படும் கூட்டமே, சீர்திருத்தத்தின் முதல் செயலைத் தடை செய்தது. மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லி கண்டும் காணாமல் இருந்ததால் அந்தப் 18 பேர் தப்பினார்கள். விளைச்சல் கூடியது, பக்கத்து ஊர்கள் காப்பியடித்தன, 1982இல் கட்சி ஒரு ஆவணம் போட்டு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அந்த ஊரைக் கட்சியே கொண்டாடுகிறது. 2016இல் ஷி ஜின்பிங் நேரில் போய் வந்தார்.

கிராமத் தொழிற்சாலைகள் கதையும் இதேதான். 1978இல் ஊர்ப்புறத் தொழில்களில் வேலை பார்த்தவர்கள் சுமார் 2.8 கோடி, 1996இல் சுமார் 13.5 கோடி. உலகத்தில் எந்த ஐந்தாண்டுத் திட்டமும் இப்படி வேலை உருவாக்கியதில்லை. எந்தத் திட்டத்திலும் இது இல்லை என்பதுதான் காரணம்! 1987இல் யூகோஸ்லாவிய விருந்தினர்களிடம் பேசிய டெங் சியாவோபிங், இதைத் தாங்கள் எதிர்பார்க்கவே இல்லை, இது மத்திய அரசின் சாதனையும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். டெங்கே ஒப்புக்கொண்டதை டீக்கடையில் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

(பக்கத்து நாட்டிலும் இதே படம் ஓடியது. வியட்நாமின் வின்புக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் நோக், 1966இலேயே நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகை மாதிரி பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். 1968இல் கட்சியின் பெரிய தலைவர் ட்ருவாங் சின் அதைக் கண்டித்து நிறுத்தினார். கிம் நோக் 1979இல் இறந்துபோனார். 1986இல் வியட்நாமின் சந்தைச் சீர்திருத்தத்தை முன்னால் நின்று கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அதே ட்ருவாங் சின். நடுவில் போன பதினெட்டு வருடப் பட்டினிக்கு யார் பில் கட்டுவது?)

ஆக, ஒரே கட்சி ஆட்சி சீர்திருத்தத்தை வேகமாக்கியது என்று சொல்வதைவிட, கட்சி வழியைவிட்டு விலகிய இடங்களில் சீர்திருத்தம் வேகமாக நடந்தது என்பதே சரி. "விலகிக்கொண்டதும் ஒரு சாதனைதானே?" என்று கேட்கலாம். சாதனைதான். ஆனால் விலகியவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து வழியில் நிற்கலாம் என்றால், அது சந்தை ஆகுமா?

வூஹு நகரத்து நியான் குவாங்ஜியுவின் கதை இதற்கு நல்ல உதாரணம். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். வறுத்த தர்பூசணி விதை விற்றார். "முட்டாள் விதைகள்" என்பது பிராண்டு பெயர். (மார்க்கெட்டிங் பேராசிரியர்கள் கவனிக்க!) வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் அவரிடம் சுமார் நூறு பேர் வேலை பார்த்தார்கள். இங்கேதான் சிக்கல். அன்றைய சித்தாந்தக் கணக்குப்படி ஏழு பேர்வரை வைத்துக்கொண்டால் சுயதொழில், எட்டாவது ஆளைச் சேர்த்தால் முதலாளித்துவச் சுரண்டல். எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? மார்க்ஸின் "மூலதனம்" நூலில் வரும் ஒரு கணக்கு உதாரணத்திலிருந்து. ஜெர்மன் தத்துவவாதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு, நூறு வருடம் கழித்துச் சீனத்தில் விதை விற்பவரின் ஜாதகத்தை எழுதியது.

விவகாரம் டெங் வரை போனது. 1984இல் அவர், கொஞ்ச காலம் விட்டுப் பார்ப்போம் என்ற பாணியில் சொல்லிவைத்தார். நியான் பிழைத்தார். ஐந்து வருடம் கழித்து, 1989இல் காற்று மாறியது. நிதி மோசடி என்று கைது. அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை, ஆனால் ஆளை விடவும் மனசில்லை. 1991இல் ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட வேறொரு பிரிவில் தண்டித்தார்கள். 1992இல் தென்சீனச் சுற்றுப்பயணத்தில் டெங் மறுபடியும் அந்த விதை வியாபாரியைப் பற்றிப் பேசினார். நியான் மறுபடியும் வெளியே வந்தார்.

இதில் எந்த இடத்தில் சட்டம் வேலை செய்தது? அவரைக் காப்பாற்றியதும் சட்டம் இல்லை, பிடித்ததும் சட்டம் இல்லை, விட்டதும் சட்டம் இல்லை. நாட்டின் மிகப்பெரிய தலைவர் இரண்டு தடவை வாய் திறந்தார், அவ்வளவுதான். எத்தனை வியாபாரிகளின் பெயர் டெங்கின் வாயில் வந்திருக்கும்? பெயர் வராதவர்கள் என்ன ஆனார்கள்?

அதனால்தான் எண்பதுகளில் புத்திசாலிச் சீன வியாபாரிகள் "சிவப்புத் தொப்பி" போட்டுக்கொண்டார்கள். முழுக்க முழுக்கத் தன் காசில் தொடங்கிய கம்பெனியை, கிராமத்தின் கூட்டுச் சொத்து என்று பதிவு செய்துகொள்வதுதான் அந்தத் தொப்பி. லைசென்ஸ் கிடைக்கும், கடன் கிடைக்கும், அடி விழாது. கம்பெனி வளர்ந்து பெரிதானதும் உள்ளூர் அதிகாரி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதில் கூட்டுச் சொத்து என்றுதானே போட்டிருக்கிறது, சாவியைக் கொடு" என்ற ஊர்களும் உண்டு. ஒரு கம்பெனிக்கு யார் சொந்தக்காரர் என்பது கணக்குப் பாடத்தின் முதல் பக்கக் கேள்வி. இருபது வருடம் அந்தக் கேள்விக்குப் பொய்ப் பதில் எழுதித்தான் சீனத் தனியார் துறை வளர்ந்தது.

சரி, இது ஆரம்ப காலக் குழப்பம் என்று விட்டுவிடலாம். அடுத்தது விலை.

1985 வாக்கில் இரட்டை விலை முறை முழு வேகத்தில் இருந்தது. ஒரே எஃகுக்குத் திட்டக் கோட்டாவுக்குள் ஒரு விலை, கோட்டாவுக்கு வெளியே சந்தை விலை. பொருளாதார நிபுணர்கள் பலர் இன்றும் இதைப் புகழ்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஒரே ராத்திரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த ரஷ்யா 1992இல் பட்ட பாட்டை உலகமே பார்த்தது. சீனா அந்தப் பள்ளத்தில் விழவில்லை. திட்டத்தை நம்பி இருந்தவனுக்கு நஷ்டமில்லாமல், புதிதாக உற்பத்தி செய்தவனுக்கு லாபம் காட்டிய ஏற்பாடு அது.

ஆனால் பேரேட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு டன் எஃகு கோட்டா விலையில் 100 யுவான், சந்தையில் 200 யுவான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டா சீட்டில் கையெழுத்துப் போடுகிறவரின் பேனாவுக்கு என்ன மதிப்பு? டன்னுக்கு நூறு யுவான்! எஃகை அவர் தூக்க வேண்டியதில்லை, பார்க்கக்கூட வேண்டியதில்லை. சீட்டு நாலு கை மாறி, கடைசியில் தொழிற்சாலைக்குப் போகும்போது சந்தை விலை ஆகியிருக்கும். இந்த அதிகாரி-வியாபாரிகளுக்குச் சீன மக்கள் "குவாண்டாவ்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். மகன் கம்பெனி நடத்துவான், அப்பா கோட்டா கொடுப்பார். எதிர்க்கட்சி இல்லாத ஊரில் இதை யார் கேட்பது? இன்னொரு கட்சி சட்டசபையில் எழுந்து கேட்க முடியாது, பத்திரிகை தலைப்புச் செய்தி போட முடியாது, கோர்ட்டுக்குப் போனால் நீதிபதியும் கட்சிக்காரர்.

1988 கோடையில் விலைக் கட்டுப்பாடுகளை எடுக்கப் போகிறோம் என்று கட்சித் தலைமை அறிவித்தது. மக்கள் வங்கிக்கு ஓடிப் பணத்தை எடுத்து, கையில் கிடைத்ததை எல்லாம் வாங்கிக் குவித்தார்கள். அந்த வருடப் பணவீக்கம் அரசுக் கணக்கிலேயே 18 சதவீதத்தைத் தாண்டியது. அரசாங்கம் பின்வாங்கியது. மறு வருடம் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் திரண்டபோது, அவர்கள் கேட்டதில் ஜனநாயகத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோரிக்கையும் இருந்தது: அதிகாரி-வியாபாரிகளை ஒழி. ஜூன் 4 அன்று பதில் டாங்கிகளில் வந்தது. கட்சியின் பொதுச் செயலாளராகவும் பொருளாதாரச் சீர்திருத்தத்தின் முக்கியக் கையாகவும் இருந்த சாவோ சியாங், ராணுவத்தை இறக்குவதை எதிர்த்ததால் பதவி போய், 2005இல் சாகும்வரை வீட்டுக் காவலில் கிடந்தார். சீர்திருத்தம் மூன்று வருடம் உறைந்து போனது. "நினைச்சாங்க, முடிச்சாங்க" வசனத்தில் இந்த அத்தியாயம் மட்டும் வராது.

1992க்குப் பிறகு வேகம் திரும்பியது. "சோஷலிசச் சந்தைப் பொருளாதாரம்" என்ற சொல்லையும் கட்சி ஏற்றுக்கொண்டது. தொண்ணூறுகளின் கடைசியில் பிரதமர் சூ ரோங்ஜி அரசுத் தொழிற்சாலைகளில் கை வைத்தார். சில வருடங்களில் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். இதுதான் ஒரே கட்சி ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த உதாரணம். "ஓட்டுப் போடும் நாட்டில் இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்பார்கள்.

லியாவோயாங் என்ற வடகிழக்கு நகரத்துக்குப் போகலாம். அங்கே ஒரு ஃபெர்ரோ-அலாய் தொழிற்சாலை திவாலானது. 2002 மார்ச்சில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் "சந்தை வேண்டாம்" என்று கத்தவில்லை. சம்பள பாக்கி எங்கே, பென்ஷன் பணம் எங்கே, ஆலையின் சொத்தை யார் சுருட்டியது என்று கேட்டார்கள். ஒரு ஆடிட்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். பிறகு ஆலையின் முன்னாள் நிர்வாகி மீதே வழக்கு நடந்தது. அப்படியானால் அவர்கள் கேட்டது பொய் இல்லை. ஆனாலும் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய இருவருக்கு 2003இல் ஏழு வருடமும் நான்கு வருடமும் சிறை. குற்றம், அரசைக் கவிழ்க்க முயன்றது! பாக்கி கேட்டால் தேசத் துரோகம்.

ஒரே கட்சி ஆட்சி சீர்திருத்தத்தின் செலவைக் குறைக்கவில்லை. அந்தச் செலவைக் கணக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. காமர்ஸ் மாணவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

நிலத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். சீன அரசியல் சட்டப்படி நகர நிலம் அரசுக்கு, கிராம நிலம் கூட்டுக்கு. 1987 டிசம்பரில் ஷென்ஜென் நகரம் நிலப் பயன்பாட்டு உரிமையை ஏலம் விட்டது; அப்போது அரசியல் சட்டம் அதை அனுமதிக்கவில்லை, 1988இல்தான் திருத்தினார்கள். 1994 வரிச் சீர்திருத்தத்தில் மத்திய அரசின் வருவாய்ப் பங்கு ஒரே வருடத்தில் 22 சதவீதத்திலிருந்து 55 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கை காய்ந்த உள்ளூர் அரசுகள் நிலத்தின் மீது பாய்ந்தன. விவசாயி தன் நிலத்தைக் கட்டட முதலாளிக்கு நேராக விற்க முடியாது. அரசு அதை நஷ்டஈடு கொடுத்து எடுக்கும் (பல காலம் அது வயல் விளைச்சல் கணக்கில் இருந்தது, உச்சவரம்பு சராசரி வருட விளைச்சல் மதிப்பைப் போல முப்பது மடங்கு), பிறகு நகர விலைக்கு ஏலம் விடும். வாங்குபவனும் விற்பவனும் ஒரே ஆள், நடுவரும் அவரே. இரட்டை விலை முறை ஒழிந்தது என்று யார் சொன்னது? எஃகிலிருந்து மண்ணுக்கு மாறிக்கொண்டது.

அந்த மண்ணின் மேல் எழுந்ததுதான் எவர்கிராண்ட். 30,000 கோடி டாலருக்கு மேல் கடன், 2021 டிசம்பரில் தவணை தவறியது, 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் கலைக்க உத்தரவு. அதன்பின் 2024 மார்ச்சில் சீனப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் கண்டுபிடித்தது: 2019, 2020 ஆகிய இரண்டு வருடங்களில் மட்டும் எவர்கிராண்டின் முக்கிய நிறுவனம் 56,400 கோடி யுவான் வருமானத்தைப் பொய்யாகக் காட்டியிருக்கிறது. ஆடிட் செய்த பிடபிள்யூசியின் சீன நிறுவனத்துக்கு 44.1 கோடி யுவான் அபராதம், ஆறு மாதத் தடை.

"என்ரான் அமெரிக்காவில்தானே நடந்தது? சத்யம் இந்தியாவில்தானே?" நியாயமான கேள்வி. ஏமாற்றுக்காரன் எந்த ஆட்சியிலும் பிறப்பான். ஆனால் எவர்கிராண்ட் ஒளிந்து வளர்ந்த நிறுவனம் இல்லை. நிலம் விற்றது உள்ளூர் அரசு. கடன் கொடுத்தவர்களில் அரசு வங்கிகளும் உண்டு. நிறுவனரோ கட்சி உறுப்பினர், அரசியல் ஆலோசனை மாநாட்டின் நிலைக்குழுவில் இடம் பிடித்தவர். கேள்வி கேட்க வேண்டிய ஒவ்வொரு நாற்காலியிலும் அந்த நிறுவனம் வளர்ந்தால் லாபம் அடைகிறவர்களே உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னும் அழகான உதாரணம் ஹுவாரோங். கதை 1999இல் தொடங்குகிறது. அரசு வங்கிகள் அரசுத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த வாராக்கடன் மலையை அள்ளிப் போட நான்கு நிறுவனங்களை உருவாக்கினார்கள். 1.4 லட்சம் கோடி யுவான் கடன், முழு முகமதிப்பில் அவற்றுக்கு மாற்றப்பட்டது. (வராத கடனை முழு விலைக்கு வாங்கும் வியாபாரியை எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்க்க முடியாது.) பத்து வருடத்தில் வேலையை முடித்து மூடிவிட வேண்டிய நிறுவனங்கள் அவை. மூடினார்களா? ஹுவாரோங் கடன் வாங்கியது, கடன் கொடுத்தது, வங்கி, பத்திரம், ரியல் எஸ்டேட் என்று கிளை விட்டது, 2015இல் ஹாங்காங் பங்குச்சந்தைக்கே வந்தது. குப்பை அள்ள வந்த வண்டி குப்பைக் கிடங்கு ஆனது.

அதன் தலைவர் லாய் சியாவோமின் சுமார் 179 கோடி யுவான் லஞ்சம் வாங்கியதாகத் தீர்ப்பாகி, 2021 ஜனவரியில் தூக்குமேடை என்று சொல்லாத குறையாக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தத் தலைவர் அந்த நிறுவனத்தின் கட்சிக் குழுவுக்கும் செயலாளர்! ஹுவாரோங் 2020ஆம் வருடக் கணக்கை நேரத்துக்கு வெளியிட முடியாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் 10,290 கோடி யுவான் நஷ்டம் என்றது. அரசின் இன்னொரு நிறுவனம் தலைமையில் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தினார்கள். ஆளைக் கொல்ல முடிந்தது, கம்பெனியைச் சாகவிட முடியவில்லை. சந்தையில் நேர்மாறாக நடக்க வேண்டும்: தோற்ற கம்பெனி செத்துப் போகும், ஆள் வேறு வேலை தேடுவான்.

இதற்கு அப்படியே எதிர்ப்பக்கம் ஆண்ட் குரூப். 2020 நவம்பர் 5ஆம் தேதி ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் பட்டியலிட வேண்டியது. உலகத்திலேயே மிகப்பெரிய பங்கு வெளியீடாக இருந்திருக்கும். அக்டோபர் 24 அன்று ஜாக் மா ஷாங்காயில் பேசினார். சீன வங்கிகளுக்கு அடகுக்கடை மனோபாவம் என்றார், கட்டுப்பாட்டு அதிகாரிகளைக் கிண்டல் செய்தார். நவம்பர் 3ஆம் தேதி வெளியீடு நிறுத்தப்பட்டது. ஆண்ட் புனிதமான நிறுவனம் ஒன்றும் இல்லை. அது ஏற்பாடு செய்த கடன்களில் சுமார் 2 சதவீதம்தான் அதன் சொந்தக் கணக்கில் இருந்தது, மீதி ரிஸ்க் வங்கிகள் தலையில். கடிவாளம் தேவைதான். ஆனால் இது ப்ராஸ்பெக்டஸிலேயே இருந்த விஷயம். அதைப் படித்து அனுமதி கொடுத்த அரசாங்கத்துக்கு, ஒரு மேடைப் பேச்சுக்குப் பிறகா திடீரென்று கண் திறந்தது? 2021 ஜூலையில் பள்ளிப் பாட ட்யூஷன் நடத்தும் கம்பெனிகள் லாபம் சம்பாதிக்கக் கூடாது என்று ஒரே அறிவிப்பு. ஒரு தொழில்துறையே முந்தின நாள் இருந்தது, மறுநாள் இல்லை. ட்யூஷன் மோகம் பெற்றோரைப் பிழிந்தது உண்மை. விவாதம், அவகாசம், அப்பீல் எதுவும் இல்லாமல் அழிக்க முடிந்ததும் உண்மை.

விலையைப் போலவே செய்தியும் சந்தைக்கு மூச்சு. 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதம் என்று வந்தது. ஆகஸ்டில் புள்ளிவிவரத்தையே நிறுத்திவிட்டார்கள்! 2024 ஜனவரியில் மாணவர்களைக் கழித்துவிட்டுப் புதுக் கணக்கு வந்தது, எண் இறங்கியிருந்தது. தெர்மாமீட்டரை ஒளித்துக் காய்ச்சலைக் குணப்படுத்திய வைத்தியம். இதற்கு நடுவே, கம்பெனிகளின் பின்னணியை விசாரித்து அறிக்கை கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெய்ஜிங் அலுவலகத்தில் 2023 மார்ச்சில் ரெய்டு நடந்து ஐந்து ஊழியர்கள் பிடிக்கப்பட்டார்கள். ஒரு கம்பெனியில் பணம் போடுவதற்கு முன் அதைப் பற்றி விசாரிப்பதை உளவு என்று நினைக்கும் இடத்தில் ஆடிட்டர் என்ன செய்வார்?

ஹெபெய் மாகாணத்தில் சுன் தாவூ என்று ஒருவர். ஆயிரம் கோழிகளும் ஐம்பது பன்றிகளுமாகத் தொடங்கிப் பெரிய விவசாயக் குழுமம் கட்டியவர். ஊழியர்களுக்குப் பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் கட்டினார். வங்கி கடன் கொடுக்காததால் ஊர் மக்களிடம் கடன் வாங்கினார் என்று 2003இல் வழக்கு. தண்டனை அப்போது நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. மனித உரிமை வழக்கறிஞர்களை ஆதரித்தார், 2019இல் பன்றிக் காய்ச்சலை அதிகாரிகள் மறைத்ததைப் படத்தோடு வெளியிட்டார். 2021 ஜூலையில் 18 வருடச் சிறை. அரசுப் பண்ணை ஒன்றோடு நடந்த நிலத் தகராறு உட்பட நிறையக் குற்றச்சாட்டுகள். கம்பெனி ஏலத்துக்குப் போனது. விதை விற்ற நியானுக்காவது டெங்கின் வாய் திறந்தது.

கட்சிக்கும் இது தெரியாமல் இல்லை. தனியார் முதலீடு சுருங்க ஆரம்பித்ததும் பாட்டு மாறியது. 2025 ஏப்ரல் 30ஆம் தேதி தனியார் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தனியார் நிறுவனங்களுக்குச் சம உரிமை, சம வாய்ப்பு, சொத்துக்குப் பாதுகாப்பு என்று நல்ல நல்ல ஷரத்துகள். இரண்டாவது பிரிவு, இந்த வேலை முழுவதும் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையை உறுதியாகப் பற்றி நடக்க வேண்டும் என்கிறது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரி 17ஆம் தேதி, ஷி ஜின்பிங் பெரிய தனியார் முதலாளிகளைப் பெய்ஜிங்குக்கு அழைத்துக் கூட்டம் நடத்தினார். ஜாக் மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அரசு டிவி காட்டிய படங்களை முதலீட்டாளர்கள் உன்னிப்பாகப் பார்த்தார்கள். யார் எந்த நாற்காலியில், யார் முகம் இருக்கிறது, யார் முகம் இல்லை என்று. பைடு நிறுவனத் தலைவரின் முகம் அதில் தென்படவில்லை. பைடுவின் விற்பனை குறைந்ததாகவோ கடன் கூடியதாகவோ அன்றைக்கு ஒரு செய்தியும் இல்லை. ஹாங்காங்கில் அதன் பங்கு அன்றே சரிந்தது.